பெரிமெனோபாஸும் தூக்கமும்: இயற்கை சப்ளிமென்ட்களில் எதை நம்பலாம்?

நடுச்சாமம்:

எனக்கு 46 வயது. பெரிமெனோபாஸ், அதாவது மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய தடுமாற்றக் காலம். பீரியட்ஸ் கொஞ்ச காலமாகவே தன் இஷ்டத்துக்கு வருகிறது. ஒரு மாதம் சீக்கிரம், ஒரு மாதம் காணவே காணோம், வந்தால் கொட்டித் தீர்க்கிறது. அதைக்கூடச் சமாளித்துவிடுகிறேன். தூக்கம் போனதைத்தான் தாங்க முடியவில்லை. படுத்ததும் கண் சொக்கிவிடும். ஆனால் இரண்டு, மூன்று மணி வாக்கில் விழிப்பு வந்துவிட்டால் அவ்வளவுதான், விடியும்வரை புரளல். சில இரவு கழுத்து, மார்பெல்லாம் நனைந்துபோகிற அளவுக்கு வேர்க்கிறது. சில இரவு வேர்வையே இல்லை, ஆனாலும் விழிப்பு. மறுநாள் எரிச்சல், மறதி, யார் என்ன சொன்னாலும் அழுகை.

டாக்டரிடம் சொன்னேன். "இந்த வயதில் இப்படித்தான் இருக்கும்" என்று அனுப்பிவிட்டார். மெக்னீசியம், அசுவகந்தா, பிளாக் கோஹோஷ், மெலடோனின், ஈவ்னிங் பிரிம்ரோஸ் எண்ணெய் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். உங்களுக்கு உண்மையில் பயன்பட்டது எது? தைராய்டு குறைவுக்குத் தினமும் மாத்திரை எடுக்கிறேன், அதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

அல்லிக்குளம்:

மெக்னீசியம் கிளைசினேட். படுக்கும் முன் எடுக்கிறேன். வேர்வை குறையவில்லை, ஆனால் உடம்பு தளர்ந்து தூக்கம் கொஞ்சம் ஆழமாக வருகிறது. ஆக்சைடு வகை எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

வெயில்மழை:

நான் அசுவகந்தாவைத்தான் சொல்வேன். நம் அமுக்கராக் கிழங்குதானே அது. மாலையானால் வருகிற படபடப்பு எனக்கு அடங்கிவிட்டது, தூக்கமும் வருகிறது. தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்திய மூலிகை, பக்கவிளைவுக்குப் பயப்பட வேண்டாம்.

மருந்துப்பெட்டி:

நான் மருந்தாளுநர். இதே கேள்வியோடு வருகிற பெண்களைத் தினமும் பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நடுச்சாமம், முதலில் அந்தத் தைராய்டு மாத்திரை. அது இருக்கும்போது அசுவகந்தாவை டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள். அது தைராய்டு ஹார்மோன் அளவை உயர்த்தக்கூடும். உயர்ந்தால் படபடப்பு, வேர்வை, தூக்கமின்மை. எதைக் குறைக்க எடுத்தீர்களோ அதுவே கூடும், நீங்களோ பெரிமெனோபாஸ் முற்றிவிட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள்.

வெயில்மழை, உங்களுக்குக் கிடைத்த பலனை நான் மறுக்கவில்லை. மன அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் அது ஓரளவு உதவுவதாகச் சிறிய ஆய்வுகள் இருக்கின்றன. பெரும்பாலும் சில வாரங்களே நடந்த ஆய்வுகள். கூடவே கல்லீரல் பாதிப்பு வந்தவர்களைப் பற்றிய மருத்துவ அறிக்கைகளும் இருக்கின்றன. அரிதுதான், ஆனால் இருக்கிறது. டென்மார்க் 2023-இல் அதைத் தடையே செய்துவிட்டது. கிழங்கைப் பொடித்துச் சாப்பிட்ட அனுபவத்தை, சாற்றை அடர்த்தியாக்கி அடைத்த கேப்சூலுக்கு அப்படியே பொருத்த முடியாது. சிறுநீர் கறுத்தாலோ, கண் மஞ்சளித்தாலோ, உடம்பெங்கும் அரித்தாலோ அன்றே நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

பிளாக் கோஹோஷ் என்ற மூலிகை பற்றி: மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2012-இல் 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. மெனோபாஸ் அறிகுறிகளுக்கு, மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட மேல் என்று சொல்லப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. இதிலும் கல்லீரல் எச்சரிக்கை உண்டு. ஈவ்னிங் பிரிம்ரோஸ் எண்ணெய்க்கும் வெப்ப அலை (திடீரென்று உடம்பு சூடேறி வேர்ப்பது) விஷயத்தில் வலுவான ஆதாரம் இல்லை. ஒமேகா-3யைத் தனியாகச் சோதித்த ஆய்விலும் வெற்று மாத்திரையைவிட அது மேலாக வரவில்லை.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். வெப்ப அலை ஆய்வுகளில் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கே பல நேரம் மூன்றில் ஒரு பங்கு அலைகள் குறைந்துவிடுகின்றன. அது பொய்யான நிம்மதி இல்லை, அவர்களுக்கு உண்மையிலேயே குறைகிறது. தவிர, இந்தக் காலத்தில் அறிகுறிகள் தானாகவே ஏறி இறங்கும். மிக மோசமான வாரத்தில்தான் நாம் புது மாத்திரையைத் தொடங்குவோம். அடுத்த வாரம் தானாகவே கொஞ்சம் நன்றாக இருந்தாலும் பெயர் மாத்திரைக்குப் போய்விடும். அதனால் "எனக்குக் கேட்டது" என்று பத்துப் பேர் பத்துப் பெயர் சொல்வதில் வியப்பில்லை. வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2023-இல் ஹார்மோன் அல்லாத வழிகளை அலசியபோது, வெப்ப அலைக்கு மூலிகைகளையும் சப்ளிமென்ட்களையும் பரிந்துரைக்கவில்லை.

நடுச்சாமம்:

விரிவாகச் சொன்னதற்கு நன்றி. ஒன்று மட்டும் புரியவில்லை. வேர்த்து விழிப்பது சரி. வேர்வையே இல்லாத இரவிலும் ஏன் விழிப்பு வருகிறது?

மருந்துப்பெட்டி:

நல்ல கேள்வி. இதைப் புரிந்துகொண்டால் எந்த மாத்திரை எதற்கு என்பதும் புரிந்துவிடும்.

இந்தக் காலத்தில் முதலில் தடுமாறுவது பெரும்பாலும் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன். முட்டை வெளியாகாத மாதங்கள் கூடக் கூட, அது சுரப்பதும் குறைகிறது. புரோஜெஸ்டிரானிலிருந்து அல்லோபிரெக்னனலோன் என்ற பொருள் உருவாகி, மூளையில் காபா என்ற அமைதிப்படுத்தும் அமைப்பைத் தூண்டுகிறது. தூக்க மாத்திரைகள் பலவும் வேலை செய்வது அந்த அமைப்பின் மீதுதான். ஆக, உங்கள் உடம்பு தானே தயாரித்துக்கொண்டிருந்த தூக்க மருந்து சில மாதங்களில் வருகிறது, சில மாதங்களில் வருவதில்லை.

வேர்வை வேறு கதை. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறி இறங்கும்போது மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் நரம்புகள் அளவுக்கு மீறித் தூண்டப்படுகின்றன. உடம்பு தாங்கிக்கொள்ளும் வெப்ப எல்லை குறுகிவிடுகிறது. முன்பெல்லாம் கண்டுகொள்ளாமல் விட்ட சின்ன சூட்டுக்கே ரத்தக் குழாய்கள் விரிந்து வேர்த்துக் கொட்டுகிறது. அந்த நரம்புகளைக் குறிவைக்கும் ஃபெசோலினெடன்ட் என்ற, ஹார்மோன் இல்லாத மருந்துக்கு அமெரிக்காவில் 2023-இல் அனுமதி கிடைத்தது. அதை எடுப்பவர்களும் கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

இந்த இரண்டும் இல்லாத காரணங்களும் உண்டு: தைராய்டு அளவு மாறியிருக்கலாம், மனச்சோர்வு இருக்கலாம், தூக்கத்தில் மூச்சு தடைபடலாம், கால் குடைச்சலாக இருக்கலாம். காரணம் தெரியாமல் சப்ளிமென்ட் வாங்குவதில் எனக்கு உடன்பாடே இல்லை. வேர்வையோடு காய்ச்சலோ எடைக் குறைவோ இருந்தால் மெனோபாஸ் என்று சும்மா இருக்கவே கூடாது, உடனே காட்ட வேண்டும்.

துளிர்:

கால் குடைச்சல் என்றதும் நானும் எழுத வேண்டும் என்று தோன்றியது. நடுச்சாமம், ரத்தப்போக்கு அதிகம் என்றீர்களே, ஃபெரிட்டின் பார்த்தீர்களா? ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிட்டு "ரத்தம் சரியாக இருக்கிறது" என்பார்கள். சேமிப்பில் இருக்கும் இரும்பைக் காட்டுவது ஃபெரிட்டின்தான். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே அது அடிமட்டத்துக்குப் போயிருக்கும்.

எனக்கு இரவில் காலுக்குள் ஏதோ ஊர்வது போல இருக்கும், அசைத்தால்தான் நிற்கும், அசைத்தால் தூக்கம் போய்விடும். அதை வயதுக்கோளாறு என்றே நினைத்திருந்தேன். அதன் பெயர் ரெஸ்ட்லெஸ் லெக்ஸ். இந்தத் தொல்லை இருப்பவர்களுக்கு ஃபெரிட்டின் 75 அல்லது அதற்குக் கீழே இருந்தாலே இரும்பு கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள் தூக்க மருத்துவர்கள். பரிசோதனைத் தாளிலோ அதைவிட மிகக் குறைந்த எண்கூட "நார்மல்" என்றுதான் அச்சாகியிருக்கும்.

தூக்கத்துக்காகச் சிலர் போடும் அலர்ஜி மாத்திரை, அதாவது டைஃபென்ஹைட்ரமின் வகை, இந்தக் கால் தொல்லையை இன்னும் கிளப்பிவிடும்.

கார்த்திகைப்பூ:

மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடித்து டாமாக்சிஃபென் எடுக்கிறேன். எனக்கும் இதே வேர்வை, இதே விழிப்பு. இழையைப் படிக்கிற மற்றவர்களில் என்னைப் போல யாராவது இருந்தால் தயவுசெய்து கவனியுங்கள்: "மனதுக்கு இதமான மூலிகை" என்று செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டை யாராவது கொடுத்தால் எடுக்காதீர்கள். கல்லீரலில் மருந்துகளை உடைக்கும் நொதிகளை அது முடுக்கிவிடுகிறது. டாமாக்சிஃபென், கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், எல்லாவற்றின் வேலையையும் அது கெடுக்கலாம். மனச்சோர்வு மாத்திரை எடுப்பவர்களுக்கு அதோடு சேர்ந்தால் வேறு வகை ஆபத்து. சோயா, ரெட் குளோவர் சாறு போன்ற, ஈஸ்ட்ரோஜன் மாதிரி வேலை செய்யும் கேப்சூல்களையும் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்காமல் தொடுவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன்.

அல்லிக்குளம்:

சோயா பற்றிச் சொன்னதால் கேட்கிறேன், புற்றுநோய் இல்லாதவர்களுக்கு அது உதவுமா? ஒரு தோழிக்கு நன்றாகக் கேட்டது, எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

மருந்துப்பெட்டி:

சோயாவில் இருக்கும் டெய்ட்சீன் என்ற பொருளைச் சிலர் குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் ஈக்வால் என்ற பொருளாக மாற்றும். எல்லோருக்கும் அந்தப் பாக்டீரியா இல்லை. மேற்கத்திய நாடுகளில் ஏறக்குறைய 25 முதல் 30 சதவீதம் பேருக்குத்தான் இந்த மாற்றம் நடக்கிறது. தோழிக்கும் உங்களுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு அதுவும் காரணமாக இருக்கலாம். சோயாவில் உள்ள இன்னொரு பொருளான ஜெனிஸ்டீன் அதிகமுள்ள சாறுகள் வெப்ப அலையைச் சற்றுக் குறைக்கக்கூடும் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. மொத்தமாகப் பார்த்தால் முடிவு உறுதியாக இல்லை.

"இயற்கை புரோஜெஸ்டிரான்" என்று விற்கும் வைல்ட் யாம் கிரீம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதற்கு ஏமாறுபவர்கள் நிறைய. அந்தக் காட்டுக் கிழங்கில் டயோஸ்ஜெனின் இருப்பது உண்மை. 1940களில் ரசல் மார்க்கர் என்ற வேதியியலாளர் அதிலிருந்துதான் புரோஜெஸ்டிரானைத் தயாரித்தார். ஆனால் அந்த மாற்றம் நடந்தது ஆய்வுக்கூடத்தில். மனித உடம்பால் அதைச் செய்ய முடியாது. கிரீமை எவ்வளவு தடவினாலும் அது ஹார்மோனாக மாறாது.

வெயில்மழை:

மருந்துப்பெட்டி சொன்ன கல்லீரல் விஷயத்தை யோசித்தேன். பரிசோதனை செய்துகொள்கிறேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மூலிகைப் பக்கம் பெண்கள் ஏன் போகிறோம்? டாக்டரிடம் போனால் இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிடுகிறார்கள். மூலிகை தருபவர் உட்காரவைத்துக் கேட்கிறார். ஆய்வு இல்லை என்று மட்டும் சொன்னால் இரவு விழித்துக்கிடப்பவள் என்னதான் செய்வாள்?

அதிகாலை:

வெயில்மழை, அந்தக் கோபம் முழுக்க நியாயமானது. அதற்கு என்னிடம் இருக்கும் ஒரே பதில் சிபிடி-ஐ. தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. மாத்திரை இல்லை, மூலிகை இல்லை. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது இதுதான் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் சொன்னது. வெப்ப அலையோடு அவதிப்பட்ட பெரிமெனோபாஸ், மெனோபாஸ் பெண்களுக்குத் தொலைபேசியிலேயே இதைச் சொல்லிக்கொடுத்த ஆய்வு ஒன்றும் அதே ஆண்டு வந்தது. அவர்கள் தூக்கம் தெளிவாக மேம்பட்டது.

இது எப்படி வேலை செய்கிறது என்றால், முதலில் விழிப்பைக் கொண்டுவந்தது ஹார்மோனாக இருக்கலாம். ஆனால் மாதக்கணக்கில் விழித்தபடி கிடந்து கிடந்து, படுக்கை என்றாலே விழிப்பு என்று மூளை பழகிக்கொள்கிறது. பிறகு வேர்வை இல்லாத இரவிலும் அதே நேரத்துக்கு எழுப்பிவிடுகிறது. நடுச்சாமம் கேட்ட கேள்விக்கு இதுவும் ஒரு பதில்.

செய்ய வேண்டியது கேட்க எளிது, செய்யக் கடினம். எப்போது தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும், விடுமுறை நாளிலும். தூக்கம் கண்ணைச் சுழற்றும்போதுதான் படுக்க வேண்டும். விழிப்பு வந்து இருபது நிமிடம் போல ஆகிவிட்டது என்று தோன்றினால் (கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது) எழுந்து மங்கலான வெளிச்சத்தில் அமைதியாக எதையாவது செய்துவிட்டு, தூக்கம் வரும்போது திரும்பலாம். அப்புறம் முக்கியமானது, படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைப்பது. ஐந்தரை மணி நேரம்தான் தூங்குகிறீர்கள் என்றால் எட்டு மணி நேரம் படுத்துக்கிடக்காமல் ஏறக்குறைய அந்த ஐந்தரை மணி நேரம் மட்டும் படுப்பது. ஐந்துக்குக் கீழே போகக் கூடாது. தூக்கம் இறுகியதும் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டலாம்.

முதல் இரண்டு வாரம் பகலில் கண் சொருகும், எரிச்சல் கூடும். பலர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். வண்டி ஓட்டுபவர்கள் அந்த நாட்களில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். வலிப்பு நோயோ பைபோலாரோ உள்ளவர்கள் டாக்டர் மேற்பார்வை இல்லாமல் நேரக் குறைப்பைத் தொடங்கவே கூடாது. எனக்கு இது திரும்பக் கொடுத்த தூக்கத்தை எந்தப் புட்டியும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு பெண்ணுக்கும் இதை யாராவது சொல்லித்தந்திருக்க வேண்டும் என்று ஆதங்கமாக இருக்கிறது.

மணிமுத்தாறு:

என் மனைவிக்காகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அவளும் இரவில் பலமுறை விழிக்கிறாள், காலையில் தலைவலி. முன்பு இல்லாத குறட்டை இப்போது வருகிறது. இதுவும் இந்தக் காலத்தில் சகஜமா?

மருந்துப்பெட்டி:

சகஜம் என்று விட வேண்டாம் தம்பி. குறட்டை, காலைத் தலைவலி இரண்டும் சேர்ந்தால் ஸ்லீப் ஆப்னியாவுக்கு, அதாவது தூக்கத்தில் மூச்சு தடைபடுவதற்கு, பரிசோதனை அவசியம். மெனோபாஸை ஒட்டி இது பெண்களுக்குக் கூடுகிறது. பெண்களில் பலர் குறட்டை என்று வருவதில்லை, களைப்பு, தூக்கம் வரவில்லை என்றே வருகிறார்கள், அதனால் கண்டுபிடிக்கத் தவறிவிடுகிறார்கள். தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

நொச்சி:

எல்லோரும் ஹார்மோன் சிகிச்சையைச் சுற்றி வளைத்துப் போகிறீர்களே? அந்தச் சிகிச்சையைச் சோதித்து 2002-இல் வந்த விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் ஆய்வுக்குப் பிறகு மார்பகப் புற்றுநோய் பயத்தில் உலகம் முழுவதும் பெண்கள் அதைக் கைவிட்டார்கள். அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. 60 வயதுக்குக் கீழே இருந்து, அல்லது மெனோபாஸ் ஆகிப் பத்து வருடத்துக்குள் இருந்து, வேறு தடை இல்லையென்றால் பலருக்கு நன்மையே அதிகம் என்பதுதான் இன்றைய மருத்துவச் சங்கங்களின் நிலை. வெப்ப அலைக்கு அதைவிட வலுவான சிகிச்சை இல்லை. மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருப்பவர்களுக்குப் பொதுவாகப் பொருந்தாது. மற்றவர்கள் ஒருமுறை கேட்டாவது பாருங்கள். இயற்கை என்று பெயர் போட்ட புட்டிக்குச் செலவழிக்கும் துணிச்சலில் பாதி இதைக் கேட்கப் போதும்.

மெலடோனின் "இயற்கை" என்பவர்களுக்கும் ஒன்று. அதுவும் ஹார்மோன்தான்.

அல்லிக்குளம்:

மெலடோனின் நடு இரவு விழிப்புக்கு உதவுமா?

மருந்துப்பெட்டி:

பெரிதாக இல்லை. உடம்பின் கடிகாரம் தள்ளிப்போனவர்களுக்கு, நேர மண்டலம் தாண்டிப் பயணம் செய்பவர்களுக்கு அது பொருத்தம். தூக்கமின்மைக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்பதே அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் 2017 பரிந்துரை. வலேரியன் என்ற வேர் மூலிகைக்கும் அதே பதில். இன்னொரு சிக்கல், புட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது. கனடாவில் 31 மெலடோனின் தயாரிப்புகளைச் சோதித்து 2017-இல் வெளியிட்டார்கள். லேபிளில் போட்டதைவிட 83 சதவீதம் குறைவாக இருந்ததும் உண்டு, 478 சதவீதம் அதிகமாக இருந்ததும் உண்டு. நான்கில் ஒரு பங்கில், சொல்லப்படாத செரட்டோனின் (மூளையில் செய்தி கடத்தும் பொருள்) கலந்திருந்தது. எந்த சப்ளிமென்ட் வாங்கினாலும் வெளி ஆய்வகம் சோதித்ததற்கான முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

நடுச்சாமம்:

பரிசோதனை முடிவுகள் வந்துவிட்டன. துளிர், உங்களுக்குத்தான் முதல் நன்றி. ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது, ஃபெரிட்டின் 11. இரவில் காலை உதறிக்கொண்டே இருப்பேன் என்று வீட்டில் சொன்ன பிறகுதான் நானே கவனித்தேன். வேறு டாக்டரிடம் போனேன், அதிக ரத்தப்போக்குக்கு ஸ்கேன் எழுதியிருக்கிறார், இரும்பு மாத்திரையும் தந்திருக்கிறார். ஹார்மோன் பற்றியும் அடுத்த முறை பேசலாம் என்றார்.

குழப்பம் ஒன்று. தைராய்டு எண்கள் இந்த முறை, மாத்திரை அளவு கூடிவிட்டது போலக் காட்டுகின்றன. அளவை மாற்றவே இல்லை. முடி கொட்டுகிறதே என்று பயோட்டின் என்ற வைட்டமின் எடுத்துக்கொண்டிருக்கிறேன், அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

மருந்துப்பெட்டி:

இருக்கலாம், உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். பல ஆய்வகங்களின் பரிசோதனை முறையிலேயே பயோட்டின் பயன்படுகிறது. முடி, நக மாத்திரைகளில் இருக்கும் பெரிய அளவு ரத்தத்தில் மிதக்கும்போது டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) குறைவாகவும் டி4 (தைராய்டு ஹார்மோன்) கூடுதலாகவும் தவறாகக் காட்டலாம். அதைப் பார்த்துத் தைராய்டு மாத்திரையைக் குறைத்துவிட்டால் உண்மையான குறைபாடு தொடங்கிவிடும். பயோட்டினைக் குறைந்தது இரண்டு நாள், அளவு மிகப் பெரிது என்றால் இன்னும் கூடுதலாக நிறுத்திவிட்டு மறுபடி சோதிக்கச் சொல்வார்கள். மேலும், இரும்புக் குறைவினாலேயே முடி கொட்டும்.

நடுச்சாமம்:

பயோட்டினை நிறுத்திவிட்டேன். கடைசிக் கேள்வி: தைராய்டு, இரும்பு, இரவில் மெக்னீசியம், மூன்றையும் எப்படிப் பிரித்துப் போடுவது?

மருந்துப்பெட்டி:

தைராய்டு மாத்திரை காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு. இரும்பும் மெக்னீசியமும் அதைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும், அதனால் நான்கு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். இரும்பு மதியம், அதை ஒட்டிக் காபி, டீ வேண்டாம். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் இரும்பு நன்றாக உறிஞ்சப்படுகிறது என்றும் வயிற்றுத் தொல்லை குறைகிறது என்றும் ஆய்வுகள் இருக்கின்றன, டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மெக்னீசியத்துக்குத் தூக்கத்தில் கிடைக்கும் பலன் பற்றிய ஆதாரம் மெலிதுதான், ஆனால் சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு ஆபத்தும் குறைவு. சப்ளிமென்டாக ஒரு நாளைக்கு 350 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம். புட்டியில் போட்டிருப்பது மொத்த உப்பின் எடையா, அதிலுள்ள மெக்னீசியத்தின் எடையா என்று பார்த்து வாங்குங்கள். இப்போதைக்கு இரும்பை மட்டும் தொடங்குங்கள். மெக்னீசியம் பிறகு வரட்டும். இரண்டையும் ஒன்றாகத் தொடங்கினால் கால் அடங்கியது எதனால் என்று உங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. மூன்று மாதம் போல ஆனதும் ஃபெரிட்டினை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். ரத்தப்போக்கு நிற்காவிட்டால் எவ்வளவு இரும்பு போட்டாலும் ஏறாது, ஆகவே அந்த ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள்.